இயந்திரத்துக்கும் ஒரு சின்னப் பைக்கும் நன்றியுரை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் கருத்தரிப்பு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அவர்களே, புதிய இயந்திரத்தை ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த சிறப்பு விருந்தினர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, ஊசி குத்திக் கன்றிய வயிறோடு வந்திருக்கும் தாய்மார்களே, தாயாகக் காத்திருப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் இங்கே மருந்துக்கூடத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். மேடைப் படியேறுவதும் இதுவே முதல் முறை. "நன்றியுரைதானேம்மா, ரெண்டு நிமிஷம். யாரும் கேக்கமாட்டாங்க" என்று தைரியம் சொல்லி மேலாளர் ஏற்றிவிட்டார். கேட்கிறீர்களா? கேட்கிறீர்கள்! மன்னிக்கவும் சார், கணக்கு தவறிவிட்டது.

முதல் நன்றி இயந்திரத்துக்கு. அடடா, என்ன இயந்திரம்! ஐந்து நாள் கருவை ஆயிரம் படம் எடுக்கும், அணு அணுவாக அலசும், மதிப்பெண் போடும். பள்ளிக்கூடம் போகுமுன்னே மதிப்பெண்! பிறக்குமுன்னே பரீட்சை! தட்டுங்கள், இப்போதே கை தட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் தட்ட மனம் வராது.

இவ்வளவு பார்க்கும் இயந்திரம், அந்தக் கருவைச் சுமக்கப்போகிறவள் காலையில் என்ன மாத்திரை விழுங்கினாள் என்று பார்க்குமா? பார்க்காது. அது இயந்திரம், விடுங்கள். நாம் பார்த்தோமா?

இரண்டாவது நன்றி எங்கள் சின்னப் பைக்கு. ஊசி மருந்தைக் குளிர்ப்பையில் போட்டுத் தருகிறோம். டப்பாவோடு வைத்தால் பை மூடாது. அதனால் டப்பாவைக் கிழிப்போம். உள்ளே மடித்திருக்கும் எச்சரிக்கைக் காகிதத்தைக் கூடையில் எறிவோம். ஊசிக்குத் தொடங்கிய பழக்கம் மாத்திரைக்கும் தொற்றிக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் எறிந்தேன். எறிந்தது வேறு யாரும் அல்ல, இந்தக் கை! ஒரு காகிதத்தை மட்டும் எறியவில்லை. என் மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.

நான்காவது வரிசையில் தையற்கார அக்கா இருக்கிறார். அவர் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். பதினோரு வருடமாக வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர். வேறொரு மருத்துவரின் சீட்டைக் காட்டி எங்களிடமே வாங்குவார். எங்கள் உறைபெட்டியில் இருந்தது அவருடைய ஒரே ஒரு கரு. மறுநாள் காலை அதைக் கருப்பையில் வைக்க வேண்டும். முந்தின நாள் மருந்து வாங்க வந்தவர் கேட்டார்:

"ஏன் தங்கச்சி, நாங்க சட்டைக்கே எப்படித் துவைக்கணும்னு சீட்டு வச்சுத் தைக்கிறோம். மருந்துக்கு ஒண்ணும் கிடையாதா?"

கூடை காலியாகியிருந்தது. மேசைக்காலில் இருந்ததை உருவினேன். அதே மாத்திரையின் காகிதம்! எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. கருவுக்குக் குறை உண்டாக்கலாம்; குழந்தை விரும்பும் பெண்கள் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்; தாங்களாக நிறுத்தவும் கூடாது.

தலைமை மருத்துவரின் அறைக்கு ஓடினேன். வாசலில் மேலாளர் மறித்தார்.

"அந்தச் சீட்டுல தலைவலியிலிருந்து சாவு வரைக்கும் எல்லாந்தான் போட்டிருப்பான். படிச்சா ஒருத்தரும் மருந்தே சாப்பிட முடியாதும்மா."

"சார், அக்காவோட ஃபைல்ல இந்த மாத்திரை பேரே இல்ல."

"அவங்க சொல்லியிருக்கணும்."

"யாரு சார் கேட்டோம்?"

அன்றுதான் எனக்குக் குரல் இருப்பது எனக்கே தெரிந்தது. தலைமை மருத்துவர் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். கருவை வைப்பதைத் தள்ளிவைத்தார். அக்காவை நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். அது உண்மை, அதற்கு உண்மையாகவே நன்றி. ஆனால் அக்கா கேட்டது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "என் கருவுக்கு அத்தனை பேரும் மார்க் போட்டீங்க. என்கிட்ட ஒரு கேள்வி கேக்கத் தோணலையா?"

பிறகு என்ன செய்தோம்? குழு அமைத்தோம்! கூட்டம் போட்டோம்! 'மருந்துப் பாதுகாப்பே மக்கள் பாதுகாப்பு' என்று பளபளக்கும் சுவரொட்டி அடித்து, கதவைத் திறந்தால் மறைந்துபோகும் சுவரில் ஒட்டினோம்! இயந்திரம் வாங்கினோம், அதற்கென்று ஓர் அறை கட்டினோம், அறைக்குக் குளிர்சாதனம் வைத்தோம். பை? அதே சின்னப் பை! கிழிப்பு? அதே கிழிப்பு! கருவைத் துருவித் துருவிப் பார்க்க ஆயிரம் படம். தாயைக் கேட்க ஒரு வாய் இல்லை!

மேலாளர் சார் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். இதோ, முடித்துவிடுகிறேன்.

மூன்றாவது நன்றி அக்காவுக்கு. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஏழு மாதம் ஆகிறது. வலிப்பு வரவில்லை. நரம்பு மருத்துவர் சரி என்றுவிட்டார். வரும் திங்கட்கிழமை அந்த ஒரே கருவை வைக்கிறார்கள். இன்று இந்த அரங்குக்குள் நுழையும்போது அக்கா என் கையில் இதைத் திணித்தார். பின்வரிசைக்குத் தெரிகிறதா? பை! அவரே தைத்த குளிர்ப்பை. டப்பா முழுசாக அடங்கும். காகிதத்துக்குத் தனியாக உள்பை. இத்தனை பெரிய மருத்துவமனைக்கு நோயாளி பை தைத்துத் தர வேண்டியிருக்கிறது, தலைமை மருத்துவர் அவர்களே!

நாளைக் காலை எட்டு மணிக்கு மருந்துக்கூடம் திறக்கும். இனி ஒரு டப்பாவையும் நான் கிழிக்கமாட்டேன். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் ஒரு மருந்தும் கொடுக்கமாட்டேன். வரிசை நீளும், திட்டுவீர்கள், திட்டுங்கள். என் மேசையும் ஆடட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கேட்காமல் இருக்க முடியாத மேடைக்கும் நன்றி. அக்கா, திங்கட்கிழமை பார்ப்போம். வணக்கம்.