எறும்பு ஒழியட்டும், வரேன்

துடைக்காதண்ணா. துணியைக் கீழ வை. அந்த வரிசை அப்படியே இருக்கணும். கலைச்சு விட்டா வேற வழி புடிச்சுப் போயிடும், அப்புறம் மருந்து பக்கமே வராதுன்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார்.

உக்காரு. அங்க வேணாம், நாற்காலிக்கு அடியில மூடி இருக்கு. தண்ணி பாட்டில் மூடிதான். சக்கரைப் பாகுல போரிக் பவுடர் கலந்து வச்சிருக்கேன். நாமளா நசுக்கினா வந்தது மட்டும்தான் சாகுமாம். இதைத் தின்னுட்டு, கூட்டுல இருக்கறதுக்கெல்லாம் கொண்டுபோய் ஊட்டணுமாம். ராணி வரைக்கும் போனாத்தான் ஒழியுமாம்.

தெரியுதுண்ணா. கீழ வண்டி நிக்குது. அண்ணி எனக்குன்னு மாடி ரூமைக் கூட்டி வச்சிருக்காங்க. நான் வரமாட்டேன்னு சொல்லலையே. எறும்பு ஒழியட்டும், சாவியைக் குடுத்துட்டு வந்துடறேன். வீட்டுக்காரம்மாகிட்ட எறும்போடயா வீட்டை ஒப்படைக்கறது? ஆமா, போன தடவை நீ வந்தப்பவும் இதையேதான் சொன்னேன்.

அழுதேனான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்களா? இல்லைன்னு சொல்லு. சாப்பிடறேன், தூங்கறேன், எறும்பு பாக்கறேன். புருஷன் செத்தவ இன்னும் எப்படித்தான் இருக்கணும்? நல்லாத்தான் இருக்கேன்.

மருந்தா? எங்க தொடுது. கோவத்துல இருக்கற சொந்தக்காரங்க மாதிரி, எட்டிப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுதுங்க. பவுடர் ஜாஸ்தியோன்னு குறைச்சுப் பாத்தேன். தேன்ல கலந்து வச்சேன். அதுக்கும் மசியல. மறுபடி கடைக்குப் போனேன். வீட்டுல வேற இனிப்பு ஏதாவது திறந்து கிடக்காம்மான்னு கேட்டார். அது கிடைக்கும்போது மருந்தை எதுக்கு நக்கும்னார். எதுவும் இல்லைங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இருக்குண்ணா. பெட்ரூம் ஜன்னல் கட்டையில, திரைக்குப் பின்னாடி. அன்னிக்கு வேலைக்குக் கிளம்பும்போது அவர் பாதி குடிச்சுட்டு வச்ச டீ டம்ளர். உனக்குத்தான் தெரியுமே, அவர் கலக்கவே மாட்டார், சக்கரையெல்லாம் அடியிலயே தங்கிடும். டீ காஞ்சு போச்சு. சக்கரை அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு.

எடுக்கப் போவேன். திரையை விலக்குவேன், மறுபடி மூடிட்டு வந்துடுவேன்.

நீ கழுவிடேன். குழாய்ச் சத்தம் எனக்குக் கேக்க வேணாம். நான் கீழ போய் வண்டியில உக்காந்துக்கறேன்.