இத்யாதியை அழித்தவர்

பத்துபஸ்தி பேருந்தில் என் முன் இருக்கையில், மீன்வலைக் கடைக்காரர் ஒருவரும் அவருடைய மனைவியின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். கடைக் கம்ப்யூட்டர் காலையிலிருந்து கிளம்பவே இல்லையாம். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் அந்தத் தம்பிதான்.

“அத்தான், என்னத்த அழிச்சீங்க?”

“டிஸ்க் ஃபுல்லுன்னு வந்துச்சு. ‘இ.டி.சி.’ன்னு ஒரு ஃபோல்டர் கெடந்துச்சு. இத்யாதிதானே, கச்சடான்னு அழிச்சிட்டேன்.”

“மொத்த செட்டிங்ஸும் அதுலதானே இருக்கு!”

“அய்யோ, அப்ப கடைக் கணக்கெல்லாம் கதமா?”

“பேக்கப் இருக்கு, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுவேன். ஆனா இனிமே அட்மின் தான்தான்னு அக்கா காலையிலயே சொல்லிட்டா. பாஸ்வேர்டு அவ வச்சுக்குவா.”

“என்ன பாஸ்வேர்டு மாப்ளே?”

“உங்ககிட்ட சொன்னாலும் பரவால்லன்னுட்டா. உங்க கல்யாணத் தேதிதான்.”

ஷாதிபூர் நிறுத்தம் வரும்வரை கடைக்காரர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.