கனடாவிலிருந்து ஒரு படம்

ஒத்தீலியா: படம் எடுக்க மாட்டேன்னா மாட்டேன். மலைக்கு வண்டி ஓட்டத்தான் சம்மதிச்சேன்.

ஃபிதென்சியோ: கத்தாதே அக்கா. வளைவு வருது, ரோட்டைப் பாரு.

ஒத்தீலியா: நெவாதோ மலை ரோடு எனக்குத் தெரியாதா? பெத்த அம்மாவை ஏமாத்த வந்தவன் நீ!

ஃபிதென்சியோ: ஏமாத்தறதா? ஒரே ஒரு படம். பின்னால பனி, முன்னால நான். "கனடாவுல நல்லா இருக்கேன்மா." அவ்வளவுதான்.

ஒத்தீலியா: நீ திரும்பி வந்து மூணு மாசமாச்சுடா! மோரேலியாவுல சிநேகிதன் வீட்டு சோபாவுல கிடக்கறே.

ஃபிதென்சியோ: மெதுவா...

ஒத்தீலியா: யாருக்குக் கேக்கும்? பைன் மரத்துக்கா?

ஃபிதென்சியோ: நான் கிளம்பின அன்னிக்கு அம்மா ஃபாதரைக் கூட்டிவந்து என் பெட்டிக்குத் தீர்த்தம் தெளிச்சாங்க. தெருவே கைதட்டிச்சு. இப்பப் போய்... துரத்திட்டாங்கன்னு எப்படிச் சொல்ல?

ஒத்தீலியா: எதுக்கு அந்தப் பண்ணை முதலாளி துரத்தினான்? திருடினியா?

ஃபிதென்சியோ: உனக்குத்தான் தெரியுமே.

ஒத்தீலியா: உன் வாயால சொல்லு.

ஃபிதென்சியோ: கோழிக்குஞ்சுக் கொட்டகையில ராப்பகலா ஹீட்டர் ஓடுது. நாங்க படுக்கிற அறையில இல்ல. குஞ்சுக்கு இருக்கிறது மனுஷனுக்கு வேண்டாமான்னு முதலாளிகிட்ட கேட்டேன். மறுநாளே விமான டிக்கெட்டைக் கையில திணிச்சுட்டான்.

ஒத்தீலியா: இதுக்கா நீ வெட்கப்படறே? அவனில்லடா மூஞ்சிய மூடிக்கணும்!

ஃபிதென்சியோ: நிறுத்து, நிறுத்து... காட்சிமுனை வந்தாச்சு. இறங்கு.

ஒத்தீலியா: ஐயோ, பனி பாக்க ஊரே இங்கதான் வந்திருக்கு!

ஃபிதென்சியோ: நான் இந்த மரத்தடியில நிக்கறேன். இந்தா என் போன். எடுத்துத் தொலை அக்கா... கெஞ்சறேன்ல?

ஒத்தீலியா: ச்சே... குடு. சோளம் விக்கிறவ படத்துல விழறாடா.

ஃபிதென்சியோ: அவளை விட்டு எடு.

ஒத்தீலியா: விட்டா, அந்தப் பக்கம் ஒருத்தன் காருக்கு மேல பனி பொம்மை செஞ்சு சோம்ப்ரேரோ தொப்பி மாட்டியிருக்கான். கனடாவுல ஏதுடா மெக்சிகோ தொப்பி?

ஃபிதென்சியோ: நான் மறைச்சுக்கறேன்... எடு!

ஒத்தீலியா: எடுத்தாச்சு. அனுப்பறதை நீயே செய். இந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம்.

ஃபிதென்சியோ: அனுப்பிட்டேன்... ஐயோ, அம்மா கூப்பிடறாங்க!

ஒத்தீலியா: எடு. ஸ்பீக்கர்ல போடு.

ஃபிதென்சியோ: அம்மா... படம் பாத்தீங்களா? இங்க கனடாவுல பயங்கரக் குளிரு...

அம்மா: பாத்தேன்டா ராசா. மொட்டைமாடியில நின்னுதான் பேசறேன். நீங்க நிக்கிற மலை மேல மேகம் இறங்கறது இங்கிருந்தே தெரியுது. ரோடு மறையறதுக்குள்ள அக்காவும் நீயும் கிளம்புங்க. போஸோலே சூப்பு அடுப்புல கொதிக்குது.

ஃபிதென்சியோ: அம்மா? அம்மா... வெச்சுட்டாங்க. நீ சொல்லிட்டியா? துரோகி!

ஒத்தீலியா: நானா? நீ என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு அம்மாதான்டா சொன்னாங்க! நீ வந்து இறங்கின அன்னிக்கே, உன்கூட வேலை பாத்த ஒரு பையன் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கான்... "எங்களுக்காகக் கேட்டவரு, பத்திரமா வீடு வந்தாரா"ன்னு. "அவனா சொல்லட்டும், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. கனடாவுல குளிரு எப்படின்னு உன்கிட்ட கேப்பாங்க, போனை வெச்சதும் அந்த முதலாளியைத் திட்டித் தீர்ப்பாங்க. மூணு மாசமா உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் முழிக்கிறேன்... ஏறுடா வண்டியில!