வாலுக்குப் பின்னால் நிற்பது

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று தெரிந்துகொள்ளப் புல்லைக் கிள்ளி மேலே போட்டாலே போதும். இதற்கும் கருவி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மன்றத்தில் ஆறு பேர் வாங்கினார்கள். ஆறும் ஆறு திசை காட்டின.

முடித்துவைத்த வழக்கைத் திறக்கச் சொல்கிறேன் என்று உங்களுக்கு எரிச்சல். புரிகிறது. மெதுவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் தொழில். உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருப்பது என் கையெழுத்து. யாரும் படிப்பதில்லை. தலையை வாரிக்கொண்டே மேலே போகிறார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒன்றும் விழுந்ததில்லை. விழுந்திருந்தால் படித்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாதிரி விமான மன்றத்தின் பாதுகாப்பு அலுவலர். பதினொரு வருடமாக. பொம்மை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மெல்லிய மரமும் ஒட்டுப்பலகையும்தான். ஆனால் பெரிய விமானம் ஒன்பது கிலோ இருக்கும். மூக்கில் பெட்ரோல் இன்ஜின், நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுச் சுற்றும் ப்ரொப்பெல்லர். அது மனித உடம்பை என்ன செய்யும் என்று படம் வரைந்து கொட்டகையில் மாட்டினேன். அதன் ஆணியில் தொப்பியைத் தொங்கவிட்டார்கள்.

என் தங்கையின் கணவனை அங்கே சேர்த்துவிட்டவனும் நான்தான். அவன் சோபா தைக்கிறவன். எது உடைந்தாலும் பசைக் குப்பியை எடுப்பான். ஆகவே எல்லோருக்கும் அவன் பசை. கட்டி முடித்த விமானத்தின் இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் நல்லது. பசையின் விமானங்கள் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காரும். அவன் மூக்கில் ஈயத்தைத் திணித்து, அதையும் ஒட்டிவிடுவான்.

"என்ன மச்சான், பறக்கிற சாமானுக்கு இத்தனை சீட்டு? இதென்ன லிஃப்டா, நாலாவது மாடியில நின்னுடுமா?" என்பான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். "நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் காக்காகூடப் பறக்கணும்போல."

"ஆள் மேல விழுந்தா என்ன பண்ணுவீங்க மாப்ளே?"

"விழாமப் பாத்துக்கத்தான் நீங்க இருக்கீங்களே."

அவன் விமானம் விழுந்தால் கைதட்டுவார்கள். அவனும் நொறுங்கிய இறக்கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி ஒரு சுற்று வருவான். என் விமானம் தரையில் ஒரு குதிகூட இல்லாமல் இறங்கும். கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

அந்த ஞாயிறு மதியம் பாதுகாப்பு அலுவலர் தேர்தல். பசையின் பெயரை முன்மொழிந்திருந்தார்கள். மன்றத் தலைவர் ஒரு பல் டாக்டர். காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க விசிலும் கையுமா நின்னா, லீவு நாள்ல ஆபீசுக்கு வந்த மாதிரி இருக்கு."

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பதவி போவதில் எனக்கு ஒன்றுமில்லை. அது ஒட்டுவேலைக்காரன் கைக்குப் போவதுதான் பொறுக்கவில்லை. இதைப் பொறாமை என்று எழுதாதீர்கள்.

இப்போது ஒரு நுட்பமான விஷயம். இறக்கைகளின் பின்விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மடல்கள் உண்டு. ஒன்று எழும்பினால் மற்றது தாழும். எது எழும்புகிறதோ அந்தப் பக்கம் விமானம் சாயும். ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் எழ வேண்டும். கிளம்புவதற்கு முன் இதைப் பார்ப்பது கட்டாயம். வாலுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். அப்போதுதான் விமானத்தின் வலது உங்களுக்கும் வலது. மூக்குக்கு முன்னால் நின்றால் எல்லாம் இடம் மாறித் தெரியும். இது என் விதி. நான் எழுதினேன்.

பசை மூக்குக்கு முன்னால்தான் குந்துவான். விமானத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே குச்சியை ஆட்டுவான். மடல் அசைந்தால் அவனுக்குப் போதும். எந்தப் பக்கம் அசைகிறது என்பதெல்லாம் என் போன்றவர்களின் வியாதி.

அன்று அவனுடைய புது விமானத்தின் முதல் பறப்பு. ஏழு மாத வேலை. தங்கை வாலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் முன்னால் குந்திக் குச்சியை ஆட்டினான்.

"ஏங்க, இது எதிர்ப்பக்கமா போற மாதிரி இல்ல?" என்றாள்.

"நீ பின்னாடி நின்னு பாக்குற. அப்படித்தான் தெரியும்."

அவளுக்குத் திருப்தியில்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணே, சரிதானா இது?"

நான் கையிலிருந்த சீட்டில் குறி போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். குச்சி வலப்பக்கம், இடது மடல் எழுந்திருந்தது.

"சரிதான்" என்றேன்.

அவளுக்குப் பாடம் எதுவும் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அவளுக்கு வைத்ததல்ல.

அவன் விமானத்தைத் தரையில் ஓட்டிக்கொண்டே பாதையின் கோடிக்குக் கொண்டுபோய்த் திருப்பினான். அவனும் தங்கையும் பாதையின் பாதித் தூரத்தில், ஓரமாக நின்றார்கள். நான் புல்லைக் கிள்ளிப் போட்டேன். காற்று எதிர்ப்புறமிருந்து ஆட்கள் நிற்கும் பக்கம் அடித்தது. அப்படி அடித்தால் பறக்க விடக்கூடாது. விசில் ஊதி அனுமதி கொடுத்தேன்.

விமானம் ஓடி வந்து, அவர்களுக்கு நூற்றைம்பது அடி முன்பே எழும்பியது. காற்று தூக்கியதில் அவர்கள் பக்கம் லேசாகச் சாய்ந்தது. அவன் அதை எதிர்ப்பக்கம் திருப்பக் குச்சியைத் தள்ளினான். இன்னும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. இன்னும் தள்ளினான். நான்கு வினாடி. இன்ஜினை நிறுத்திவிட்டுத் தரையில் படுக்க வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. அவன் ரிமோட்டைப் போட்டுவிட்டுத் தங்கைக்கு முன்னால் போய் நின்றான். இதை வீரம் என்கிறார்கள். விதியைப் படிக்காதவன் செய்கிற காரியம்.

கொட்டகையில் மாட்டியிருந்த படத்தில் நான் வரைந்திருந்ததற்கும் நடந்ததற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, நான் கேட்டேன்ல?" என்றாள் தங்கை. கேட்டாய் என்றேன். துக்கத்தில் இருப்பவர்கள் கோர்வையாகப் பேசுவதில்லை.

அவள் கேட்டதை உங்கள் அறிக்கையில் காணோம். அண்ணனும் கண் தவறிவிட்டான், பாவம், காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று மறைத்திருக்கிறாள். நான் தவறிவிடுவேன் என்று நினைத்தாள் பாருங்கள், அது ஒன்றைத்தான் அவளிடம் மன்னிக்க முடியவில்லை.

மடல்களை வேண்டுமென்றே மாற்றியது யார் என்று நீங்கள் கேட்கவே இல்லை. பசை வயரை மாற்றிச் செருகியிருப்பான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். வயர்கள் சரியாகத்தான் இருந்தன. பிரித்துப் பார்க்கக்கூட உங்கள் ஆட்களுக்குப் பொறுமையில்லை. பறக்கிற நாட்களில் எல்லா ரிமோட்டுகளையும் என் மேஜையில் ஒப்படைத்துவிட வேண்டும்; யாரும் தெரியாமல் ஒன்றை இயக்கிவிடக் கூடாதே. அன்றும் பதினான்கு ரிமோட்டுகள் என் பொறுப்பில் இருந்தன. பல் டாக்டர் பேசிவிட்டுப் போனதும் பசையின் ரிமோட்டை எடுத்தேன். அவன் டீ குடித்துக்கொண்டு யாரையோ சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். மடல்கள் அசையும் திசையை மாற்ற அதில் இரண்டு அழுத்தல் போதும். துடைத்து, வரிசையில் வைத்தேன்.

நான் அவனை மூக்குக்கு முன்னால் நிற்கச் சொல்லவில்லை. பின்னால் வந்து ஒரு வினாடி நின்றிருந்தால் கண்டுபிடித்திருப்பான். மதியம் விசிலை நானே கழற்றி அவன் கழுத்தில் மாட்டியிருப்பேன். ஒரே கேள்வி, விடை பதினொரு வருடமாகச் சுவரில் தொங்கியது. இதைவிட நியாயமாக யாரையும் சோதிக்க முடியாது.

அடுத்த வாரம் தேர்தல் நடந்தது. எல்லாக் கைகளும் எனக்கு எழுந்தன. பல் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னத நாங்க காதுல போட்டுக்கல" என்று அழுதார்.

எட்டு மாதமாகிறது. அந்த மைதானத்தில் இப்போது ஒருவர் பாக்கியில்லாமல் வாலுக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஒரு நகம் பெயர்ந்ததில்லை. வாயால் சொல்லிச் சாதிக்க முடியாததை நான்கு வினாடியில் சாதித்திருக்கிறேன். இதனால் பிழைத்தவர்களை யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள், பிழைத்தவர்களுக்கே தெரியாது.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். போன ஞாயிறு கொட்டகை வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். தங்கை வந்து திரையை விலக்கினாள். அவன் சிரிக்கிற போட்டோ. அதற்குக் கீழே, 'பசை விதி: எப்போதும் வாலுக்குப் பின்னால் நின்று பார்.' அழுதுகொண்டே கைதட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "பெரிய மனுஷன் சார், எவ்வளவு யோசிச்சிருக்கார்" என்று என்னிடமே சொன்னார்.

அவன் வாழ்நாளில் ஒருமுறைகூட அங்கே நின்றதில்லை. அந்த விதியை எழுதியவன் நான். அதை அவர்கள் மண்டையில் ஏற்றியவன் நான். அதற்காக அவனைக் கொன்றவனும் நான். எழுதியாயிற்றா?

கையெழுத்துப் போடுகிறேன். முதலில் யாரையாவது அனுப்பி, அந்தப் பலகையில் பெயரை மாற்றச் சொல்லுங்கள்.