தாலியைக் கடித்தவள்

தீம் பார்க்கிலிருந்து திரும்பும் கூட்டத்தோடு பேருந்து போய்க்கொண்டிருந்தது. என் முன் இருக்கையில் ஓர் இளம் மனைவி, தூக்கத்தில் பேசுவதுபோல் கணவனிடம் சொன்னாள்:

"ரோலர் கோஸ்டர்ல எல்லாரும் கத்துனாங்க மாமா. என்னாலதான் முடியல. தாலிய வாய்ல கடிச்சிக்கினு இருந்தேன்."

"அடிப்பாவி! எதுக்குடி?"

"செயினெல்லாம் கழட்டச் சொன்னாங்களே. தாலிய எப்பிடிக் கழட்டறது?"

"முழுங்கித் தொலச்சிருந்தா?"

"நீதான் இன்னொன்னு கட்டணும்."

ரெட்டியார்பாளையத்து விளக்குகள் ஜன்னலில் மிதந்து போயின.

"உச்சியில தண்டவாளமே தெரியல, வெறும் வானந்தான். என் பேரையே கத்தணும்போல இருந்துச்சு. இன்னொரு வாட்டி போலாம் மாமா. தாலிய நீ வச்சிக்க."

அவன் வெகுநேரம் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அம்மாவுக்குத் தெரியவேணாம்," என்றான். "நான் கீழ நிக்கறேன். எனக்குக் கேக்கற மாதிரி கத்து."