ரயிலடியில் தின்ற சோறு

நாங்குநேரி தாண்டியதும், பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த உவரிக்காரப் பெண் சிரித்தபடி சொன்னாள்: "ஆடிக் காத்துல யாரும் கடலுக்குப் போவல. எங்க தெருவுல ஒரு வீட்லயும் வேலை இல்லக்கா."

அவள் பக்கத்திலிருந்த பாளையங்கோட்டைக்காரி கேட்டாள்: "வெக்கமா இருக்காதா?"

"எல்லாரும் சும்மா இருக்கையில யாருக்கு யார்ட்ட வெக்கம்?"

"எங்க தெருவுல எங்க வீட்ல மட்டுந்தான் யாருக்கும் வேலை இல்ல. வீட்டுக்காரரு வேலை பாத்த கம்பெனிய மூடி மூணு மாசமாச்சு. பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு, அவிய தெனமும் சோறு கட்டிட்டுப் போயி ரயிலடியில இருந்துட்டு வருதாவ."

"அந்தச் சோத்த வீட்ல இருந்து தின்னா எறங்காதாக்கா?"

பாளையங்கோட்டைக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"ஏங்க, இப்பமே வீட்டுக்கு வாங்க. தெரு வழியாவே வாங்க. எவ கேட்டாலும் நான் சொல்லிக்கிடுதேன்."