முழங்கால் என்று நான் சொன்ன பொய்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் லொரெட்டா ஸ்டால் அம்மையார் அவர்களே! இருபத்திரண்டு குளிர்காலமாக இந்த ரசிகர் சங்கத்தைக் கட்டிக் காத்து, இன்றும் வாசலில் நின்று எங்கள் ஒவ்வொருவர் மேலங்கியையும் வாங்கி மாட்டிய பெருமைக்குரியவரே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! காலை முதல் அடுப்படியில் நின்று, தட்டைவிட அகலமாகப் பன்றிக்கறி வறுத்து, அதை ரொட்டிக்குள் அடக்க முடியாமல் அடக்கி, அதற்கு மேல் சர்க்கரையும் பாலேடும் வைத்துச் சுட்ட இனிப்பும் படைத்த தாய்மார்களே! மில்பரோ கல்லூரிக் கூடைப்பந்து அணியை வென்றால் வாழ்த்தியும் தோற்றால் வைதும், எப்படியோ ஒரு நாளும் மறக்காத அன்பர்களே! உங்கள் அனைவருக்கும் வெண்டல் கிராட்ஸின் வணக்கம்.

என்னை இங்கே ஏற்றிவிட்டது ஒரு கடிதத்தைப் படிக்க. அது இதோ என் சட்டைப்பையில் இருக்கிறது. பயிற்சியாளர் ராய்ஸ் பென்டரை இந்தப் பருவத்தோடு வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று கேட்கும் கடிதம். எழுதியவன் நான். கீழே உங்கள் கையெழுத்து இருநூற்றுப் பதினான்கு. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அது கல்லூரித் தலைவரின் மேசையில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. படிப்பதற்கு முன், என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, சார்?"

இவ்வளவுதான் கேள்வி. முப்பத்தாறு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். எத்தனை ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன், எத்தனை ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பேன்! இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னேன். அந்தச் சொல் பொய்.

என்ன அங்கே? "கடிதத்தைப் படிங்க வாத்தியாரே" என்கிறாரா ஒருவர்? வருகிறேன் ஐயா, வருகிறேன். பாடம் நடத்தியவனிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தது உங்கள் தவறு.

நம் அரங்கின் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் தொடங்கியதும் நாம் எல்லோரும் எழுந்து நிற்போம், கை தட்டுவோம், நம் அணியின் முதல் கூடை விழும்வரை உட்கார மாட்டோம். நாற்பத்தொரு பருவம் நான் அப்படி நின்றிருக்கிறேன். காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். என் மனைவியை அடக்கம் செய்த வாரத்திலும் வந்து நின்றிருக்கிறேன். அன்று என் பக்கத்தில் நின்றவர் யார் என்றுகூட எனக்கு நினைவில்லை. யாரோ ஒருவர் நின்றார், அது போதுமாக இருந்தது. உட்காராமல் நிற்பது என்றால் என்ன பொருள்? இன்னும் ஒன்றும் செய்யாத பிள்ளைகளிடம், நீங்கள் செய்வீர்கள் என்று முன்கூட்டியே சொல்வது. நான் புரிந்துகொண்டது அதுதான்.

இப்போது ஜனவரி மாதத்து அந்தச் சனிக்கிழமைக்கு வாருங்கள். அதற்கு முன் தொடர்ந்து ஒன்பது தோல்வி. நான் பதினான்காம் வரிசையில் நிற்கிறேன். என் பக்கத்தில் டிராக்டர் விற்ற வெர்ன் ஓபர்மன், அதோ, அந்தத் தூணருகே தலையைக் குனிந்துகொண்டிருப்பவர். நிமிர்ந்து பார் வெர்ன், உன்னைக் குறை சொல்லப் போவதில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் எறி தவறியது. இரண்டாவது தவறியது. மூன்றாவது வளையத்தையே தொடவில்லை. இரண்டு நிமிடம் போயிற்று, மூன்று போயிற்று, நான்கும் போயிற்று! எதிரணி பதினொன்று, நாம் பூஜ்யம். கீழ் வரிசையில் ஒருவர் கத்தினார்: "கோச்! கூடை மேல இருக்குன்னு பசங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" சிரித்தோம். வெர்ன் என் விலாவில் இடித்தார்.

"இன்னிக்காவது ஒண்ணு விழுமா வாத்தியாரே?"

"விழும்யா. முதல்ல அந்தாளு வேலை விழும், அப்புறம் கூடை விழும்."

"நீங்கதான் பெரிய மனுஷன். நீங்க உட்கார்ந்தா நானும் உட்கார்றேன். என் காலு போச்சு."

சொன்னேனே, குறை சொல்லப் போவதில்லை என்று. அவர் சொன்னது வேடிக்கைக்கு; செய்தவன் நான். ஐந்தாவது நிமிடத்தில் நான் உட்கார்ந்தேன். களைத்து உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, கீழே நிற்கும் அந்த மனிதன் திரும்பிப் பார்க்கட்டும் என்று உட்கார்ந்தேன். வெர்ன் உட்கார்ந்தார். எங்கள் வரிசை உட்கார்ந்தது. வரிசைக்குப் பின் வரிசையாக, ஒரு பக்கம் முடிந்து மறுபக்கமாக, அரங்கு முழுவதும் உட்கார்ந்தது. அந்த இருக்கைப் பலகைகளின் சத்தம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நினைவிருக்கிறது. சத்தம் ஓய்ந்ததும் பயிற்சியாளர் திரும்பினார். நேராக என்னைப் பார்த்தார்.

அரை நிமிடம் கழித்து நம் டேவியன் ருகர் ஒரு கூடை போட்டான். யார் கை தட்டினீர்கள்? நான் தட்டவில்லை. அவன் ஓடிக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். அவ்வளவு பேர் இருந்தும், காலி அரங்கைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் ராய்ஸ் பென்டர் உடைமாற்றும் அறைக்குப் போகவில்லை. படியேறினார். ஒன்று, இரண்டு என்று பதினான்கு வரிசை. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். வரட்டும், கேட்க வேண்டியதைக் கேட்கிறேன் என்று வாக்கியங்களைத் தயாராக்கிக்கொண்டேன். அவர் வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு அமர்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, சார்? நீங்க உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. பயந்துட்டேன்."

அன்பர்களே! அந்த நேரத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உன்னை அவமானப்படுத்தத்தான் உட்கார்ந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மாணவர்களிடம் முப்பத்தாறு ஆண்டு உண்மை கேட்டவன், "முழங்கால்" என்றேன். வெர்ன் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனி வருவதற்குச் சிரிக்க முடியாது.

அடுத்த ஆட்டத்துக்குப் போனால், தரைமட்டத்தில் கம்பியோரம் ஒரு மெத்தை வைத்த நாற்காலி. மேலே ஒரு போர்வை, என் பெயர் எழுதிய ஒரு தாள். அஞ்சலில் ஒரு வாழ்த்து அட்டை வந்தது: 'சீக்கிரம் குணமாகுங்கள், நீங்கள் நிற்பதைப் பார்க்க வேண்டும்' என்று. கீழே பதிமூன்று வீரர்களின் கையெழுத்து. எல்லாம் பிள்ளைகளின் கோணல் எழுத்து. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடியில் தாளை வைத்துத்தான் இந்தக் கடிதத்துக்கு உங்களிடம் கையெழுத்து வாங்கினேன். பயிற்சியாளர் எனக்காகப் போட்டுவைத்த நாற்காலியில் இருந்து அவர் வேலைக்கே குழி தோண்டினேன். "கால் எப்படி இருக்கு வாத்தியாரே?" என்று பரிவோடு கேட்டபடியே நீங்களும் கையெழுத்திட்டீர்கள். அதற்கும் சேர்த்து என்னை மன்னியுங்கள்.

இன்று மாலை நான்கு மணிக்கு, இங்கே வருவதற்கு முன், கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். "மேடையில படிக்கப்போறேன். முதல்ல உங்ககிட்ட படிச்சுக் காட்டணும்" என்றேன். அவர் விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். "படிங்க சார்" என்றார்.

பதினோரு வாக்கியம். எழுதும்போது என்ன வேகம், என்ன வீச்சு! படித்துப் பார்த்தால்? 'இவருக்கு ஆட்டமும் தெரியாது, ஆளும் தெரியாது' என்ற இடத்தில் எனக்குக் குரல் எழவில்லை. என் முன்னால் இருப்பவருக்கு, நாற்பத்தொரு ஆண்டு நின்ற ஒரு கிழவன் உட்கார்ந்ததுகூடத் தெரிந்திருக்கிறதே! 'ஊரைப் பற்றி அக்கறை இல்லாதவர்' என்ற இடத்தில் தாளைத்தான் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நிமிர்ந்த தலையோடு படிக்க முடிந்தவை மூன்றே வாக்கியம். கடைசிக் கால் மணியில் பிள்ளைகள் மூச்சு வாங்குகிறார்கள். ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் டைம் அவுட்டை எப்போது கேட்பது என்று இவருக்குப் பிடிபடவில்லை. ருகரைத் தவிர யாருக்கும் பந்து போவதில்லை. அந்த மூன்றும் உண்மை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "டைம் அவுட் விஷயம் நிஜம் சார். எனக்கே தெரியும். ஆட்டம் கையை விட்டுப் போறப்ப எனக்குத் தலையே வேலை செய்ய மாட்டேங்குது."

"கோச், என் முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல. அன்னிக்கு வேணும்னேதான் உட்கார்ந்தேன்."

"தெரியும் சார்."

"எப்பத்திலிருந்து?"

"அடுத்த ஆட்டத்திலேயே. பாப்கார்ன் வாங்க ரெண்டு ரெண்டு படியா ஏறினீங்க."

"தெரிஞ்சுமா அந்த நாற்காலிய எடுக்காம விட்டீங்க?"

"அன்னிக்குத் தோத்துட்டு உள்ள போனதும் பசங்க கேட்டாங்க சார், ஏன் எல்லாரும் உட்கார்ந்துட்டாங்கன்னு. ருகர் அழுதுட்டான். கிராட்ஸ் சாருக்கு உடம்பு சரியில்ல, அவருக்காகத்தான் மத்தவங்களும் உட்கார்ந்தாங்கன்னு சொல்லிட்டேன். நம்பிட்டாங்க. அட்டை வாங்கினது அவங்கதான், எனக்கே தெரியாது. நாற்காலிய எடுத்தா அவங்களுக்குத் தெரிஞ்சுடுமே?" என்றார். பிறகு, "எனக்கு வருத்தமே இல்லன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. வீட்ல பொண்டாட்டி கிட்ட உங்களத் திட்டாத நாள் இல்ல" என்றார்.

தாய்மார்களே, தந்தையரே! என் பொய்யை நான் எனக்காகச் சொன்னேன். அதே பொய்யை அந்த மனிதர் பிள்ளைகளுக்காகச் சுமந்தார். நாம் கொடுத்த அவமானம் அவர்கள்மேல் விழாமல் தன் கையால் தடுத்துப் பிடித்தார். ஐந்து வாரம்! வென்றது நான்கு, தோற்றது பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தோமே, இதை எந்தப் புள்ளிப் பலகையில் எழுதுவோம்?

கேட்கிறேன், கேட்கிறேன்: "அப்ப இந்தாளே இருந்துட்டுப் போகட்டுமா?" என்கிறார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. அவர் நல்ல மனிதர். நல்ல பயிற்சியாளரா என்பது எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டும் தோற்கலாம். வெள்ளிக்கிழமை குழு அவரை அனுப்பிவிடலாம். அது அவர்கள் பொறுப்பு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எட்டு வாக்கியங்களால் அவரை அனுப்ப நான் துணை போக மாட்டேன். அந்த எட்டையும் அடித்துவிட்டேன். என் பெயரையும் அடித்துவிட்டேன். மிஞ்சிய மூன்றை அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். லொரெட்டா அம்மையாரே, இந்தாருங்கள் கடிதம். மற்றப் பெயர்கள் உங்களுடையவை. அனுப்புவதும் விடுவதும் இந்த அவையின் விருப்பம். நாளை பயிற்சி நேரத்தில் அந்தப் பதிமூன்று பிள்ளைகளிடமும் போய், உங்கள் பயிற்சியாளர் உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார், உட்கார்ந்தது என் குற்றம் என்று நானே சொல்லப் போகிறேன். அவரிடம் அனுமதி கேட்டேன். "ருகர் முறைப்பான் சார், தாங்கிப்பீங்களா?" என்றார். தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பொறுமையோடு கேட்ட சபைக்கும், பேச விட்ட தலைவருக்கும், வயிறு நிறைத்த கைகளுக்கும் என் நன்றியும் வணக்கமும். பழைய வாத்தியார் வீட்டுப்பாடம் கொடுக்காமல் இறங்க மாட்டேன். யாரைப் பற்றியாவது குறை எழுதினால், வேறு எவரிடமும் காட்டுவதற்கு முன், அவர் எதிரே உட்கார்ந்து அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். குரல் நின்றுபோகும் வரிகளை அங்கேயே அடித்துவிடுங்கள்.